வன்னியில் இருந்துகொண்டு சமூகவியலில் முதுகலை படிக்கலாமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நீங்கள் இலங்கையின் வடக்கே வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். சமூகவியலை ஒரு பாடமாக எடுத்துப் பொதுக்கலைப் பட்டம் முடித்தவர். இனிச் சமூகவியலில் முதுகலை செய்ய விருப்பம். எங்கே படிப்பது, எந்தத் தலைப்பில் ஆய்வு செய்வது, படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டிருக்கிறீர்கள். "எங்கட சனத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியாததைக் கம்பஸிலை என்ன சொல்லித் தரப்போயினம்?" என்று அம்மா கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். என் பதிலில் கூடிய பங்கு அம்மாவின் கேள்விக்குத்தான் போகும். மற்ற மூன்றுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

படியுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் எந்தப் பல்கலைக்கழகம் என்பதை முதலில் முடிவெடுக்க வேண்டாம். உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வி வேண்டும். அது கையில் வந்த பிறகு இடத்தைத் தேடலாம்.

இடங்களைப் பற்றிய விபரம் சுருக்கமாக. வன்னிக்குள் சமூகவியல் படிக்க இடமில்லை. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கே இருப்பவை வியாபாரக் கற்கை, பிரயோக விஞ்ஞானம், தொழில்நுட்பம் ஆகியவை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயமும் பொறியியலும் இருக்கின்றன, கலைப்பீடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில்தான். ஆகவே உங்களுக்கு அருகில் உள்ள சமூகவியல் துறை யாழ்ப்பாணத்தில் உள்ளது. பட்டப்பின் ஆய்வுகளை அங்கே உயர் பட்டப் படிப்புகள் பீடம் நடத்துகிறது. தெற்கே போனால் பேராதனையும் கொழும்பும் இருக்கின்றன. இலங்கையில் சமூகவியல் 1949இல் தனித்துறையாகத் தொடங்கியது பேராதனைத் துறையின் வழியாகத்தான்; அங்கே மனிதப் பண்பியலுக்கும் சமூக விஞ்ஞானங்களுக்கும் ஒரு தனிப் பட்டப்பின் நிறுவனமே உண்டு. எந்த ஆண்டில் எந்தப் பாடநெறிக்கு விண்ணப்பம் கோருவார்கள், எந்த மொழியில் நடத்துவார்கள் என்பது அந்தந்த ஆண்டு அறிவித்தலைப் பொறுத்தது. அதை மட்டும் நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆரும் சொன்னதை நம்பவேண்டாம்.

பட்டங்களின் படிநிலையும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் காசையும் காலத்தையும் விடுகிறார்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறியாக மட்டும் படிக்கிற முதுமாணி, அதாவது நீங்கள் சொல்லும் முதுகலை, 9ஆம் மட்டம், 30 திறமைப்புள்ளி (கிரெடிட்). ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு. ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 திறமைப்புள்ளி, இரண்டு வருடம். முதுதத்துவமாணி (எம்.பில்.) 11, கலாநிதி (பிஎச்.டி.) 12. பொதுப் பட்டம் உள்ளவருக்கு நேரே முதுதத்துவமாணிக் கதவு திறப்பது கடினம். வழக்கமாக முதுமாணியைத் தாண்டித்தான் போகவேண்டும். உங்களுக்குக் கட்டாயம் 10ஆம் மட்டத்தைத்தான் சொல்வேன். ஒரு வருடப் படிப்பில் சனி, ஞாயிறு பஸ் பிடித்துப் போய், குறிப்பெடுத்து, சோதனை எழுதிவிட்டு வருவீர்கள். ஆய்வு இல்லாத சமூகவியல் முதுகலையில் உங்களுக்குக் கிடைப்பது இளங்கலையில் படித்த அதே பெயர்களின் இரண்டாம் சுற்றுத்தான்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அம்மா கேட்டது நியாயமான கேள்வி. குளத்தில் தண்ணீர் குறைந்தால் ஆருடைய வயல் முதலில் காயும், எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு சம்பந்தம் கலக்காது, கோயில் திருவிழாவில் ஆர் எந்த உபயம் செய்வார்கள் என்பதெல்லாம் அம்மாவுக்கு ஒரு பேராசிரியரை விட நன்றாகத் தெரியும். பல்கலைக்கழகம் அதைச் சொல்லித் தராது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தன் கதை தெரியும், அயல் வீட்டுக் கதை பாதி தெரியும். நாற்பது வீட்டுக் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன, அந்த முரண் ஏன் என்று பார்த்தவர் ஊரில் இல்லை. அதைப் பார்க்கிற பழக்கத்தைத்தான் இந்தப் படிப்பு தர வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் வேலைக்கும் இது நெருக்கம். பெண்பிள்ளைக்குக் காணியைச் சீதனமாகக் கொடுப்பது வடக்கில் எல்லாருக்கும் தெரிந்த வழமை. வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தாகத் தொகுக்கப்பட்டபோதே சீதனச் சொத்து அதில் தனியாக இடம்பெற்றது. ஆனால் வன்னியில் பெரும்பகுதிக் காணி உறுதி எழுதிய சொந்தக் காணி அல்ல, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் மனதில் இருந்தது வேறு குடும்பம். காணி துண்டுபடக் கூடாது, பெர்மிட்காரருக்குப் பிறகு ஒருவர் மட்டும் பின்னுரித்தாளியாக, அதாவது அடுத்த உரிமையாளராக வரவேண்டும், எவரையும் நியமிக்காமல் இறந்தால் அட்டவணைப்படி ஆண் வாரிசுக்கு முன்னுரிமை என்று அது பல பத்தாண்டுகள் இருந்தது. இறந்தவரின் மனைவி காணியில் இருக்கலாம், ஆனால் மறுமணம் செய்தால் அந்த உரிமை முடிந்துவிடும் என்றும் ஓர் ஏற்பாடு இருந்தது. பெண்களைப் பின்தள்ளிய அந்த வாரிசு ஒழுங்கு 2022இல்தான் திருத்தப்பட்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஊர் வழமை மூத்த மகளுக்குக் காணி கொடு என்கிறது. சட்டம் துண்டாக்காதே, மகனுக்குக் கொடு என்று சொல்லி வந்திருக்கிறது. இடையில் 2009 வந்தது, யுத்தம் முடிந்தது. கணவனை இழந்த, இருபது முப்பது வயதுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அந்தக் காணிகளுக்குத் திரும்பிப் போனார்கள். பெர்மிட் தொலைந்தது, பெர்மிட்காரரும் இல்லை. இந்த நிலைமையில் குடும்பங்கள் என்ன செய்தன? வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சி வைத்துக் கொடுத்தார்களா? மகன் பெயரில் பதிந்துவிட்டு மகளை வீடுகட்டி இருக்க விட்டார்களா? மறுமணம் செய்த பெண்கள் அதைப் பதியாமல் விட்டார்களா? கந்தோரில் உங்கள் மேசைக்கு வருகிற கோவை இந்தக் கதையின் கடைசிப் பக்கம் மட்டும். முன் பக்கங்கள் வீடுகளுக்குள் இருக்கின்றன. அம்மாவுக்கு இரண்டு மூன்று குடும்பத்தின் கதை தெரியும். முழுக் கதை எவருக்கும் தெரியாது, அதனால்தான் இது ஆய்வு.

நீங்கள் முன்வைத்த தலைப்பு "யுத்தம் வன்னிப் பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் ஏற்படுத்திய தாக்கம்". அதை விட்டுவிடுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். தாக்கம் இருந்தது என்பது தொடங்கும்போதே தெரியும், முடிக்கும்போதும் அதைத்தான் சொல்வீர்கள். இடையில் இருபது பெண்கள் உங்களுக்கு முன்னால் அழுதிருப்பார்கள். இதே கேள்வியோடு அவர்களிடம் எத்தனை நிறுவனங்கள் ஏற்கெனவே போய்விட்டன! மீள்குடியேற்றத்துக்குப் பிறகு முதல் சில ஆண்டுகளில் விசுவமடுவிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு வீட்டுக்கு மாதத்தில் பல தடவை படிவத்தோடு ஆட்கள் போனார்கள். சனம் களைத்துப்போனது. "நீங்களும் எழுதிக்கொண்டு போகத்தான் வந்தனீங்களோ?" என்று கேட்கிற பெண்ணுக்கு நீங்கள் நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் ஒன்று இருக்கவேண்டும். புதிய கேள்வி இருந்தால் அந்தப் பதிலும் இருக்கும்.

அந்தத் தலைப்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்பது நிர்வாகம் உதவி கொடுப்பதற்காக உருவாக்கிய ஒரு வகை. கணவன் இறந்தவர், காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி, கைவிடப்பட்டவர், கணவன் கடுமையாகக் காயப்பட்டுப் படுக்கையில் இருப்பவர் எல்லாரும் ஒரே பட்டியலில் வருவார்கள். ஆனால் அவர்களுடைய சமூக நிலை ஒன்றல்ல. கணவன் இறந்ததை ஏற்றுக்கொண்டவர் பொட்டையும் தாலியையும் பற்றி ஊர் சொல்வதைக் கேட்கவேண்டியிருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி மரணச் சான்றிதழ் எடுப்பதா வேண்டாமா என்று வருடக்கணக்காகப் போராடுகிறார். எடுத்தால் தேடலைக் கைவிட்டதாகிவிடும். காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 முதல் போராட்டம் இருந்த தாய்மாரிடமும் மனைவிமாரிடமும் கேட்டால் தங்களை அந்தப் பட்டியலின் பெயரால் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சமூகவியல் மாணவி அந்த வகையை அப்படியே எடுத்து மாதிரி எடுப்புக்குப் பயன்படுத்தாமல், அந்த வகை எப்படி உண்டானது, ஆர் உள்ளே வந்தார்கள், ஆர் வெளியே விடப்பட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

உங்கள் உத்தியோகம் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நீங்கள் உங்கள் பிரிவிலேயே ஆய்வு செய்ய நினைக்கிறீர்கள். சனத்தைத் தெரியும், சைக்கிளில் போய் வரலாம், விதானையாரும் (கிராம அலுவலர்) உதவி செய்வார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்கள் பிரிவில் நீங்கள் ஆய்வாளர் என்று எவ்வளவு சொன்னாலும், படலையைத் திறக்கிற மனிசிக்கு நீங்கள் ஏ.ஜி.ஏ. ஒபிஸ் மிஸ், அதாவது பிரதேச செயலகத்து ஆள். வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம் என்ன, வெளிநாட்டிலிருந்து காசு வருகிறதா என்று நீங்கள் கேட்டால், அவர் பதில் சொல்வது உங்கள் ஆய்வுக்கு அல்ல, அடுத்து வரப்போகிற பட்டியலுக்கு. இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் கொடுத்தது. எந்தக் குடும்பத்துக்கு முதலில் என்பதில் குடும்ப அளவும் பார்க்கப்பட்டது. 2023இல் அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வந்தபோது வீட்டின் உடைமைகளை எண்ணினார்கள். இந்த அனுபவம் உள்ள சனம் ஒரு கேள்வியைக் கேட்டவுடனேயே அதன் பின்னால் உள்ள திட்டத்தைத் தேடும். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அரசோடு வாழ்ந்து பழகியவர்களின் புத்தி அது. ஆனால் அந்தப் பதில்களை எடுத்து நீங்கள் சதவீதம் போட்டால் உங்கள் ஆய்வு முழுவதும் வழுவிவிடும். இதைவிடப் பெரிய விடயம், அவர்களால் உங்களுக்கு "மாட்டேன்" என்று சொல்ல முடியாது. மறுக்க முடியாத ஒருவரிடம் வாங்குகிற சம்மதம் சம்மதம் ஆகாது.

ஆகவே வேறு பிரிவு ஒன்றை எடுங்கள். முல்லைத்தீவில் வேலை என்றால் களம் கிளிநொச்சியிலோ வவுனியா வடக்கிலோ இருக்கட்டும். அல்லது பார்வையைத் திருப்பிக் கந்தோரையே களமாக்குங்கள்: ஒரு பயனாளிப் பட்டியல் எப்படித் தயாராகிறது, கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் அதில் என்ன செய்கின்றன, மேன்முறையீடு எழுதுகிறவர் ஆர், எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுப்பவர் ஆர். இதை உள்ளிருந்து பார்த்து எழுதக்கூடியவர்கள் தமிழில் மிகச் சிலர். மேலதிகாரியின் எழுத்து மூல அனுமதி வேண்டும், கோவைகளில் உள்ள பெயர்கள் வெளியே வரக்கூடாது. கடினமான வேலைதான். ஆனால் என்னைக் கேட்டால் உங்களிடமிருந்து நான் மிகவும் ஆவலோடு வாசிக்க விரும்புவது இதைத்தான்.

வேறு என்ன கேட்கலாம்? கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில், மழை குறைந்த காலத்து நெற்செய்கையான சிறுபோகம் வந்தால் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர், ஆருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிப்பார்கள். காணி உரிமையாளர் யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ இருக்க, அவரின் பங்கைச் செய்கிறவர் வேறு ஆளாக இருக்கிறார். கிளிநொச்சியில் 1930களில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது, பிறகு மத்தியவகுப்புத் திட்டக் காணிகள் வந்தன, 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகும் 1970களின் பஞ்சத்திலும் மலையகத்திலிருந்து வந்தவர்கள் அந்தக் காணிகளின் விளிம்பில் கூலிகளாகக் குடியேறினார்கள். இந்த மூன்று அடுக்கும் இன்றைய சிறுபோகக் கூட்டத்தில் எங்கே உட்காருகிறது, ஆர் எழும்பிக் கதைக்கிறார், ஆர் கதைப்பதில்லை? இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை ஒரு தமிழ்ச் சமூகத்துக்குள் இருக்கிற பிரதேச, வர்க்க வேறுபாட்டின் வழியாக வாசிக்கலாம்.

சாதியைப் பற்றியும் நீங்கள் தயக்கத்தோடு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வன்னியில் சாதி இல்லை என்று சொல்வார்கள். வினாக்கொத்தில் கேட்டால் உங்களுக்கும் அதே பதில்தான் வரும், சில வேளை பேச்சும் விழும். நேரடியாகக் கேட்காதீர்கள். கலியாண எழுத்துக்களையும், கோயில் நிர்வாக சபையையும், எந்தக் குறிச்சியில் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும், செத்தவீட்டில் ஆர் என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும் ஒரு வருடம் பொறுமையாகப் பாருங்கள். இந்த விடயத்துக்கு அவதானிப்புத்தான் முறை. மலையக வம்சாவளிக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்வதைப் பற்றி வயதானவர்கள் கதைக்கும்போது வருகிற இடைவெளிகளையும் கேளுங்கள்.

வாசிப்புக்கு முதலில் ஒன்றைச் சொல்வேன். பிரித்தானிய மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1954இல் அனுராதபுர மாவட்டத்தின் வடக்கே புல் எலிய என்ற சிறிய குளத்துக் கிராமத்தில் களவேலை செய்து 1961இல் புத்தகமாக்கினார். சிங்களக் கிராமம், ஆனால் எங்கள் வன்னிக் குளத்துக் கிராமத்தை நினைவூட்டாத பக்கம் குறைவு: குளக்கட்டு, வாய்க்கால், வயல் வரிசை, தண்ணீர் பங்கிடும் முறை. அவருடைய வாதம் கூர்மையானது. ஒருவர் சொந்தக்காரர் என்பதால் காணி கிடைக்கிறது என்று நாம் நினைக்கிறோம். வயலும் தண்ணீரும் நிலையாக ஓரிடத்தில் கிடக்க, அவற்றைச் சுற்றித்தான் ஆட்கள் தங்கள் சொந்தத்தை ஒழுங்குபடுத்திக்கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார். காணிப் பதிவுகளையும் வரைபடங்களையும் களக்குறிப்போடு அருகில் வைத்துப் பார்த்ததால்தான் அது முடிந்தது. அதை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்: எங்கள் ஊர்களில் வயல் நிலையாகக் கிடந்தது, ஆட்கள் இருபது வருடமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது சொந்தம் எப்படி மறுபடி ஒழுங்கானது? லீச் கேட்கத் தேவைப்படாத அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாம்.

உள்ளூரில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு பற்றி எழுதியவற்றையும் வாசியுங்கள். 2010இல் வன்னி இடம்பெயர்ந்தோர் பற்றியே தனியாக எழுதியிருக்கிறார். துன்பம் ஆளுக்கு ஆள் தனியாக மட்டும் இருப்பதில்லை, குடும்பம், ஊர், உறவு என்ற பின்னலே அறுந்துபோவதும் ஒரு காயம் என்பது அவருடைய நிலைப்பாடு. மருத்துவர் நின்ற அந்த இடத்திலிருந்து சமூகவியல் தொடங்கலாம்.

எண்களைத் தேடும்போது ஒரு விடயம் கவனம். கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1984இல். ஆகவே 1981 குடிசன மதிப்பீட்டில் அதைத் தேடினால் கிடைக்காது. யாழ்ப்பாண மாவட்டத் தொகுதிக்குள் பிரதேச வாரியாகப் பிரித்து எடுக்கவேண்டும். 2001 கணக்கெடுப்பு வடக்கில் முழுமையாக நடக்கவில்லை. அடுத்து நாடு முழுவதும் எண்ணியது 2012இல். நடுவில் 31 வருடம், அதுதான் வன்னியின் மிக முக்கியமான காலம், முழுமையான எண்ணிக்கை இல்லாமல் கிடக்கிறது. ஆகவே "யுத்தத்துக்கு முன் இத்தனை, பின் இத்தனை" என்று ஆராவது அழகான அட்டவணை போட்டால் எங்கே எடுத்தார்கள் என்று கேளுங்கள். பழைய காலத்துக்கு லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி 1895இல் எழுதிய வன்னி மாவட்டக் கையேடு இருக்கிறது. குளங்கள், கிராமங்கள், சாதிகள், காய்ச்சல் எல்லாம் வரும், ஆளுகிறவனின் கண்ணோடு. பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சங்க அறிக்கை போன்றவற்றை நூலகம் இணையத் தளத்தில் தேடுங்கள். 2005இல் தொடங்கிய அந்த வேலை இல்லாவிட்டால் எங்களில் பலர் ஆய்வே செய்திருக்க முடியாது.

மீதிக்கு நினைவுதான் ஆவணம். இந்திய சமூகவியலாளர் எம். என். சிறிநிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் களவேலை செய்தார். 1970இல் ஸ்டான்போர்டில் அவர் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தபோது, பல வருடமாகத் தொகுத்து வைத்த குறிப்புகள் எரிந்தன. அந்தக் கிராமத்தை நினைவிலிருந்தே எழுதி 1976இல் வெளியிட்டார். வன்னியில் ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஒரு எரிந்த பெட்டி இருக்கிறது: உறுதி, பெர்மிட், கலியாணப் படம், பிள்ளையின் பிறப்புப் பத்திரம். நினைவைக் கேட்கும்போது "எந்த வருடம்" என்று கேட்காதீர்கள். 1995 யாழ்ப்பாணச் சனம் வந்ததற்கு முன்னோ பின்னோ, சமாதான காலத்திலோ, சுனாமிக்குப் பிறகோ, வற்றாப்பளைப் பொங்கல் நடந்த வருடமோ நடக்காத வருடமோ என்று கேளுங்கள். வருடம் தானாக வரும். ஒரே நிகழ்வை இரண்டு பேர் வேறு விதமாகச் சொன்னால் ஒருவரைப் பிழை என்று அடித்துவிடாமல், ஏன் வேறுபடுகிறது என்று குறித்து வையுங்கள்.

ஆய்வு அறத்தைப் பல்கலைக்கழகத்தில் ஒரு படிவமாகத் தருவார்கள். வன்னியில் அது படிவத்தோடு முடியாது. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் பலர் பயப்படுவார்கள். கையெழுத்து வைத்த தாள் எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியாது. வாய்மொழிச் சம்மதத்துக்கு மேற்பார்வையாளரிடமும் அறக் குழுவிடமும் முதலே அனுமதி எடுங்கள். நீங்கள் போன பிறகு "வந்தது ஆர், என்ன கேட்டது" என்று வேறு ஆட்கள் வந்து விசாரிக்கக்கூடும்; அதை அவர்களுக்கு முன்பே சொல்லிவிட்டுத்தான் கதைக்க வேண்டும். பெயரை மாற்றினால் போதும் என்று எண்ணாதீர்கள். அறுபது வீடு உள்ள ஊரில், இரண்டு பிள்ளைகளை இழந்த, தையல் மெசின் வைத்திருக்கிற, சந்திக்கு அருகில் குடியிருக்கிற பெண் என்று எழுதினால் ஊரே ஆளைச் சொல்லிவிடும். ஊரின் பெயரையும் அடையாளங்களையும் கலைக்க வேண்டும். அழத் தொடங்கினால் ஒலிப்பதிவை நிறுத்துங்கள், கேள்வியையும் நிறுத்துங்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வேறு கதை கதைத்துவிட்டு வாருங்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு ஒருவரை எப்படி அனுப்புவது என்பதைக் களத்துக்கு முன்பே கேட்டு வைத்திருங்கள்.

மொழி பற்றி. உங்கள் ஆங்கிலம் போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். வாசிப்பு ஆங்கிலத்தில் இல்லாமல் இந்தப் படிப்பு நடக்காது, அதில் ஒளிவு மறைவு வேண்டாம். ஒரு கிழமைக்கு ஒரு கட்டுரை எடுத்து, ஒரு பக்கத்தில் தமிழில் அதன் வாதத்தை எழுதிப் பழகுங்கள். ஆறு மாதத்தில் வேகம் வரும். எழுதுவது பல்கலைக்கழகம் அனுமதித்தால் தமிழில் இருக்கட்டும். உங்களோடு கதைத்த சனம் வாசிக்கக்கூடிய ஆய்வு அதுதான், அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன மாதிரியே மேற்கோள் காட்டவும் முடியும்.

பிரயோசனம் என்று கேட்டீர்கள். அரச உத்தியோகத்தில் முதுகலை உடனே சம்பளத்தைக் கூட்டும் என்று நம்பி இறங்கவேண்டாம். உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பை எடுத்து வாசியுங்கள், கற்கை விடுமுறை பற்றியும் அதில் பாருங்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கு முதல் வாசல் சிறப்புப் பட்டமும் வகுப்புச் சித்தியும். பொதுப் பட்டத்தின் மேல் முதுகலை வைத்தால் அது ஈடாகிவிடும் என்ற எண்ணத்தில் காலத்தைச் செலவழிக்காதீர்கள். திட்ட மதிப்பீடு, சமூக ஆய்வு சார்ந்த வேலைகளில் இந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் நான் இதை உங்களுக்குச் சொல்வது வேலைக்காக அல்ல. வன்னியைப் பற்றி எழுதப்பட்ட பெரும்பாலானவற்றில் எங்கள் சனம் தகவல் கொடுப்பவர்களாக மட்டும் இருக்கிறார்கள். கேள்வியைத் தீர்மானித்தவர் கொழும்பிலோ லண்டனிலோ இருந்தார், சில வேளை யாழ்ப்பாணத்தில். அந்தக் கேள்விகள் எல்லாம் பிழை என்பதில்லை. ஆனால் பெர்மிட் காணியில் சீதனம் கொடுப்பது எப்படி என்று அவர்களில் எத்தனை பேருக்குக் கேட்கத் தோன்றியிருக்கும்?

இனிச் செய்ய வேண்டியது. விண்ணப்பப் படிவத்தைத் தேட முதல் இரண்டு பக்கம் எழுதுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் கேள்வி, அதற்கு இப்போது உங்களுக்குத் தெரிந்த விடை, அந்த விடையில் உங்களுக்கே சந்தேகமாக உள்ள இடம். இரண்டாம் பக்கத்தில் எந்த ஊரில், ஆரோடு, எத்தனை மாதம், எதை அவதானித்து, எந்தப் பதிவுகளைப் பார்த்துக் கண்டுபிடிப்பீர்கள் என்பது. அதை எடுத்துக்கொண்டு அந்த விடயத்தில் உண்மையில் வேலை செய்திருக்கிற விரிவுரையாளர் ஒருவரைத் தேடிப் போய்க் காட்டுங்கள். அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தால் யாழ்ப்பாணம், பேராதனையில் இருந்தால் பேராதனை. நல்ல மேற்பார்வையாளர் முதல் சந்திப்பிலேயே அந்த இரண்டு பக்கத்தில் பாதியை வெட்டுவார். வெட்டாமல் "நல்லாயிருக்கு, பதியுங்கோ" என்று மட்டும் சொன்னால் இன்னொருவரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.